முகம் தெரிகிறது, பெயர்?

நம் நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களில் பினாங்குக் கடைத்தெருவைப் பார்க்காதவர்கள் மிகக் குறைவு. தீபாவளித் துணிக்கும் தாலிப் பொன்னுக்கும் பட்டர்வொர்த்துவரை பஸ் ஏறி, பெரியில் கடலைத் தாண்டி, ஜெட்டியிலிருந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பயணம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985-இல் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போக அதுதானே வழி!

இன்று லிட்டில் இந்தியா என்று சொல்கிறோமே, அந்தத் தெருக்களை 1979-இல் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்து வைத்தார். ஊய் செங் கீ என்பது அவர் பெயர். சீனர், தொழிலால் மருத்துவர். அந்தப் படங்கள் 'போர்ட்ரெட்ஸ் ஆஃப் பினாங்: லிட்டில் இந்தியா' என்ற நூலாக 2011-இல்தான் வெளிவந்தன. வெளியிட்டது பினாங்கிலுள்ள அரேகா புக்ஸ். எடுத்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே 32 ஆண்டுகள்! அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு நூல் வெளிவந்தபோது பிள்ளைகள் பிறந்திருக்கும்.

இந்த 32 ஆண்டுகளில் அந்தத் தெருக்களுக்கு என்ன நடந்தது? பழைய கடைவீடுகளின் வாடகையை ஏற்றவிடாமல் ஒரு சட்டம் காத்து வந்தது. அதை நீக்கியது 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஏறியது. கட்டமுடியாத குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது சுவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது. சுவர்களுக்குள் இருந்தவர்களில் பலர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து நூலைப் புரட்டியவர்கள் அந்த முகங்களைத் தெருவில் தேடினால் எங்கே கிடைக்கும்?

தெருப்படம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஸ்டூடியோவில் பவுடர் பூசி, நாற்காலியில் அமர்ந்து எடுக்கும் படம் நமக்குத் தெரியும். இது வேறு. நடப்பதை நடக்கிறபடியே பிடிப்பது. வண்ணம் இல்லாததால் சேலையின் பளபளப்பில் கண் மயங்குவதில்லை. கையும் முகச்சுருக்கமும் முதலில் தெரிகின்றன. இப்படிப்பட்ட படங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கண்காட்சி வைப்பது பெரிய நகரங்களின் வழக்கம்.

அமெரிக்காவில் விவியன் மேயர் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள், தாய்மார்களே. சிகாகோவில் பிறர் வீட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் ஆயாவாகப் பல்லாண்டு உழைத்தவர் அவர். ஓய்ந்த நேரத்தில் ரோலிபிளெக்ஸ் காமிராவை மார்பில் தொங்கவிட்டுத் தெருவில் நடப்பார். அந்தக் காமிராவைக் கண்ணில் வைக்க வேண்டியதில்லை, குனிந்து பார்த்தால் போதும்; எதிரில் இருப்பவருக்குப் படம் எடுப்பதே தெரியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்! பலவற்றைக் கழுவிப் பார்க்கவும் இல்லை. அவர் பெட்டிகளை வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்டாததால் 2007-இல் அவை ஏலம் போயின. 2009-இல் இறந்தார். கண்காட்சியும் நூலும் 2011-இல் சிகாகோவைக் கலக்கியபோது அவர் இல்லை. படச்சுருளை ஏலத்தில் எடுத்தவருக்கு அதை அச்சிட்டு விற்கும் உரிமையும் உண்டா என்று 2014-இல் சட்டப் பிரச்சினையும் கிளம்பியது. உழைத்தவர் ஒருவர், உரிமை கேட்பவர் பலர். இது தோட்டத்தில் நாம் பார்க்காததா?

இனி நம் பக்கம் வருவோம். நிபோங் திபாலுக்குக் காமிராவோடு வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள்? கலிடோனியா தோட்டத்துத் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகையை. ராம்ஸ்டன் துரை குடும்பத்தின் மாளிகை. துரை 1948-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இடிந்து கிடக்கிற அந்த மாளிகைக்கு எத்தனை படங்கள்! பேய்க்கதை வேறு. அதைச் சுற்றி வாழ்ந்த லயத்துக்காரர்களுக்கு எத்தனை படம் இருக்கிறது? விடியுமுன் பெரட்டுக்குப் போனவள், பால்வாளி சுமந்தவள், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தவள் — இவர்களை யார் எடுத்தார்கள்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் லயமும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது.

கண்காட்சிச் சுவரில் படத்தின் கீழே ஊர் இருக்கும், ஆண்டு இருக்கும். தெருப்படங்களில் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. இந்தக் குறையை உங்கள் வீட்டில் நீங்கள் தீர்த்துவிடலாம். ஏனென்றால் பெயர் தெரிந்த கிழவிகள் இன்னும் உங்களோடு இருக்கிறார்கள். பழைய படத்தை எடுத்துப் போய் அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த வருடம், என்ன விசேஷம்? கேட்டதைப் படத்தின் பின்புறம் ஓரமாகப் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்துக்கே வந்துவிடும். வழவழப்பான கலர் படத்தில் பென்சில் பிடிக்காது. ஒரு தாளில் எழுதி, படத்தோடு உறையில் போட்டு வையுங்கள்.

அந்நாளில் எல்லாரும் ஆசையாக வாங்கிய ஒட்டும் ஆல்பம் இருக்கிறதே, அதன் பசைதான் படத்துக்கு எமன். வலித்துப் பிடுங்க வேண்டாம், கிழியும். ஒட்டியிருக்கிறபடியே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் இருந்தால் எறியாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சமையலறைப் பக்கம் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் காகித உறையில் வையுங்கள். நூல் போடுகிறோம், கண்காட்சி வைக்கிறோம் என்று யாராவது கேட்டு வந்தால் நகல் கொடுங்கள். மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும். படத்தில் இருப்பவர் பெயரையும் சேர்த்து அச்சிடுவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.