பழைய வேனின் கணினியை மாற்றும் முன்

எரிபொருளைப் பீய்ச்சும் நேரத்தையும் அளவையும், பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறி எழும் கணத்தையும், சென்சார்கள் எனப்படும் உணரிகள் அனுப்பும் மின்சைகைகளைக் கொண்டு தீர்மானிக்கும் இசியூ என்ற எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி, பழைய வேன்களில் தடுமாறத் தொடங்கியதும், அந்தக் கணினிப் பெட்டியையே மாற்றிவிடச் சொல்லும் பணிமனைகள் பல. அது பெரும்பாலும் அவசர முடிவு. 1990களின் மிட்சுபிஷி வண்டிகளில் பரவலாக அறியப்பட்ட கோளாறை எடுத்துக்கொண்டால், அங்கே முதலில் கெடுபவை, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்கள்: பல்லாண்டு வெப்பத்தில் அவற்றின் அடியடைப்புத் தளர்ந்து உள்ளிருக்கும் திரவம் கசிவதால், மூடியைத் திறந்ததுமே மீன் வாடை அடிக்கும், உருளையின் கீழே பழுப்புக் கறை படிந்திருக்கும், பலகையின் செம்புத் தடம் பச்சை பூத்து அரித்திருக்கும். தடம் அறுபடுமுன் கவனித்தால், பலகையைத் துடைத்துத் தூய்மைசெய்து, 105 பாகை செல்சியஸ் தாங்கும் புதிய கெப்பாசிட்டர்களைப் பற்றவைப்பதே பெரும்பாலும் போதும். காயலான் கடையில் வாங்கும் மாற்றுப் பெட்டிக்கோ அதே வயது, அதே நோய். சாவியிலுள்ள குறியீட்டைச் சரிபார்த்த பின்னரே எஞ்சினை இயங்கவிடும் இம்மொபிலைசர் பொருத்திய வேன்களில், பாக எண் ஒத்திருந்தாலும், பெட்டியைச் சாவியோடு இணைக்காதவரை வண்டி பொதுவாகக் கிளம்பாது என்பதால், அதற்கான மென்பொருளைத் தனிப் பணிமனைகளுக்கும் நியாயமான விலையில் தருவது தயாரிப்பாளரின் கடமை. தடுமாற்றத்துக்குக் காரணம் பெட்டிக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதால், வேன் உரிமையாளர்கள் பெட்டிக்குப் பணம் கொடுக்குமுன், எர்த் இணைப்பையும் பேட்டரி மின்னழுத்தத்தையும் அளந்து காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.