இரண்டாம் பிரிவில் ஓராண்டு

கொல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கால்பந்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோகன் பகான் தோற்ற மறுநாள் அலுவலகத்தில் எந்த மேசைப் பக்கம் போகக்கூடாது, ஈஸ்ட் பெங்கால் வென்றால் மீன் கடையில் இலிஷ் என்ன விலைக்கு ஏறும் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது வெகு தொலைவிலுள்ள நார்வே நாட்டின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து லீக்கைப் பற்றி. "அந்த நாட்டு முதல் பிரிவே நமக்குத் தெரியாது, இரண்டாம் பிரிவு எதற்கு சார்?" என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். தேர்வு முடிவுகள் வெளிவரும் இந்த நாட்களில் நம் வீடுகளில் பேச வேண்டிய செய்தி ஒன்று அந்த லீக்கில் இருக்கிறது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் உச்சப் பிரிவுக்கு எலிட்டெசெரியன் என்று பெயர். அதற்கு அடுத்த பிரிவின் அதிகாரப்பூர்வப் பெயர் 'முதல் டிவிஷன்'. பெயரில் முதல், வரிசையில் இரண்டாவது; நம் ரயிலில் முதல் வகுப்புக்கு மேலே ஏ.சி. முதல் வகுப்பு வந்து உட்கார்ந்ததைப் போல. 2015 முதல் அதற்குப் பண உதவி செய்வது ஓபோஸ் என்ற வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம்; ஆகவே மக்கள் அதை ஓபோஸ் லீக் என்றே அழைக்கிறார்கள். 16 அணிகள், ஒவ்வொன்றும் மற்ற அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 30 ஆட்டங்கள். பனிக்காலம் கடுமையானதால் வசந்தத்தில் தொடங்கி நவம்பரில் முடித்துவிடுவார்கள். முதல் இரண்டு அணிகள் நேராக மேலே போகும். அடுத்த நான்கு அணிகள் தமக்குள் மோதி, அதில் வெல்லும் அணி மேல்பிரிவில் 14-ஆம் இடம் பெற்ற அணியோடு மோத வேண்டும். கடைசி இரண்டு அணிகள் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். ஏறவும் இறங்கவும் படிகள் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கின்றன.

இந்தப் படியில் ஏறி இறங்கிய ஓர் அணிதான் போடோ கிளிம்ட். போடோ என்பது ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கடலோரத்தில் உள்ள சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். ரயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு அந்த ஊர்ப் பெயர் அறிமுகமானது கால்பந்தால் அல்ல. ட்ரொன்ட்ஹெய்ம் நகரிலிருந்து வடக்கே செல்லும் 729 கிலோமீட்டர் நார்லாண்ட் ரயில் பாதையின் கடைசி நிலையம் அது. மலையையும் பனியையும் கடந்து அந்தத் தண்டவாளம் போடோவை எட்டியது 1962-ல்தான். அத்தனை தொலைவில் கிடந்த வட நார்வே மக்களைத் தெற்கத்தியர் நீண்டகாலம் சமமாக நடத்தவில்லை. தலைநகர் ஆஸ்லோவில் வாடகை வீட்டு விளம்பரங்களில் 'வடக்கத்தியர் வேண்டாம்' என்று போட்ட காலமும் உண்டு. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்து, வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அதே வட நார்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில் இலங்கைத் தமிழர்கள் பலர் வேலை பார்த்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

கால்பந்திலும் இதே கதைதான். 1963 வரை வட நார்வே அணிகளுக்குத் தேசியக் கோப்பைப் போட்டியில் இடமே கிடையாது. உச்சப் பிரிவில் ஒரு வடக்கத்திய அணி, நார்விக் நகரத்து மியோல்னெர், முதன்முதலில் ஆடியது 1972-ல். அதன் பிறகும் விதி ஒருபக்கமாகவே சாய்ந்திருந்தது. அன்றைய இரண்டாம் பிரிவில் மூன்று குழுக்கள். தெற்கத்திய இரு குழுக்களில் முதலிடம் பெற்றால் நேரே மேலே போகலாம். வடக்குக் குழுவில் முதலிடம் பெற்றவர்களோ, தெற்கில் இரண்டாமிடம் பெற்றவர்களோடு மறுபடி மோதி வென்றால்தான் ஏறலாம். போடோ கிளிம்ட் 1974-ல் தன் குழுவில் முதலிடம் பெற்றது. மேலே போக முடியவில்லை. 1975-ல் மீண்டும் முதலிடம், மீண்டும் முடியவில்லை. அதே 1975-ல் நாட்டின் கோப்பையையே வென்று காட்டியது. கோப்பையை வென்ற அணி இரண்டாம் பிரிவிலேயே காத்துக்கிடந்த வேடிக்கையை என்னவென்று சொல்வது! 1976-ல் ஒருவழியாக மேலே ஏறியது. 1977-ல் உச்சப் பிரிவில் இரண்டாமிடம் பிடித்தது.

இதைப் படிக்கும்போது நம் ஊர் மைதானத்து வரலாறும் நினைவுக்கு வரும். கல்கத்தா லீக்கின் முதல் பிரிவில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்தில் விதி இருந்தது. அந்த விதியை எதிர்த்துப் போராடிய பிறகுதான் 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் பிரிவில் கால் வைத்தது. முகம்மதன் ஸ்போர்ட்டிங் 1934-ல் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்து, வந்த ஆண்டே லீக்கை வென்றது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் விடவில்லை. கீழே இருப்பவன் திறமை குறைந்தவன் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஊர்க் கதைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பல நேரம் ஆள் சரியாகவே இருப்பான். ஏணியில்தான் ஒரு படி உடைந்திருக்கும்.

சரி, படிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஒருவன் கீழே விழுந்தால்? அதற்குத்தான் 2017-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். 2016-ல் போடோ கிளிம்ட் உச்சப் பிரிவில் 15-ஆம் இடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இப்படி இறங்கினால் நம் வழக்கப்படி என்ன நடக்கும்? பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவோம். மேலும் கீழுமாக ஆட்களை மாற்றுவோம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பயிற்சியாளர் ஆஸ்மண்ட் பியோர்க்கான் தொடர்ந்தார். அவருக்குத் துணையாகக் கியெட்டில் க்னுட்சன் என்பவர் 2017-ல் வந்து சேர்ந்தார். உள்ளூர் இளைஞர்களை நம்பினார்கள். 1975 கோப்பையை வென்ற அணியில் ஆடிய ஹரால்ட் பெர்கின் பேரன் பேட்ரிக் பெர்க் அவர்களில் ஒருவர்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். போடோவில் விமானப்படைத் தளம் இருந்தது. அங்கே போர் விமானியாக இருந்து, 2011 லிபியப் போர்ப் பணியிலும் பங்கேற்ற பியோர்ன் மான்ஸ்வெர்க் என்பவரை வீரர்களின் மனப்பயிற்சிக்காக அழைத்தார்கள். பந்தைப் பற்றிப் பாடம் சொல்ல அவர் வரவில்லை. விமானிகள் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் உட்கார்ந்து, எங்கே தவறியது என்று பதவி பாராமல், வெட்கப்படாமல் பேசுவார்கள். அந்த வழக்கத்தை ஆட்டக்காரர்களிடையே கொண்டுவந்தார். எத்தனையாவது இடம், எத்தனை புள்ளி என்ற பேச்சை நிறுத்திவிட்டு, இன்றைய பயிற்சியை இன்று ஒழுங்காகச் செய்தோமா என்று மட்டும் கேட்கத் தொடங்கினார்கள். உல்ரிக் சால்ட்னெஸ் என்ற ஆட்டக்காரர், ஆட்டத்துக்கு முன் ஏற்படும் பதற்றத்தால் வயிற்று உபாதை பட்டுக் கால்பந்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். இந்தப் பயிற்சிக்குப் பின் அவர் விடவில்லை. அணியின் தூண்களில் ஒருவரானார்.

2017-ல் அந்த அணி இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று ஒரே ஆண்டில் திரும்பியது. 2018-ல் க்னுட்சன் தலைமைப் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு 11-ஆம் இடம்தான். 2019-ல் இரண்டாமிடம். 2020-ல் 30 ஆட்டங்களில் 26 வெற்றி, 103 கோல், 81 புள்ளியோடு நாட்டின் சாம்பியன். வட நார்வேயிலிருந்து ஓர் அணி அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. 2021-ல் ஐரோப்பியப் போட்டியில் இத்தாலியின் ரோமா அணியை 6-1 என்று வென்றார்கள். 2025-ல் யூரோப்பா லீக்கின் அரையிறுதி வரை சென்று இங்கிலாந்தின் டோட்டன்ஹாமிடம் தோற்றார்கள். 2026 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியைத் தம் ஊருக்கு வரவழைத்து 3-1 என்று வென்றார்கள். அவர்களுடைய மைதானத்தில் எண்ணாயிரம் பேர் அளவில்தான் உட்காரலாம்!

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "ஒரு வெற்றிக் கதையைச் சொல்லிவிட்டீர்கள், விழுந்தவர் எல்லாரும் இப்படியா எழுகிறார்கள்?" இல்லை. 2017-ல் போடோ கிளிம்ட்டோடு மேலே ஏறியவை ஸ்டார்ட், ரான்ஹெய்ம் என்ற இரண்டு அணிகள். ஸ்டார்ட் அடுத்த ஆண்டே இறங்கிவிட்டது; ரான்ஹெய்ம் 2019-ல் இறங்கியது. மூன்றும் ஏறியது ஒரே ஆண்டில், ஒரே படியில். ஆகவே ஏறுவது மட்டுமே சாதனை ஆகாது. கீழே இருந்த காலத்தில் எதைச் சரிசெய்துகொண்டு ஏறினோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒன்பது முறை நாட்டின் சாம்பியனாக இருந்த பழம்பெரும் அணியான ஃப்ரெட்ரிக்ஸ்டாட், அதே 2017-ல் இரண்டாம் பிரிவிலிருந்தும் விழுந்து மூன்றாம் பிரிவுக்குப் போனது. பழம்பெருமை அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் பொறுமையாக ஏறி வந்து, 2023-ல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, 2024-ல் தேசியக் கோப்பையையே வென்றது. ஒருவருக்கு ஓராண்டு போதும். இன்னொருவருக்கு ஆறேழு ஆண்டு வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லில்லுவா பணிமனையில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே புரியும். ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பெட்டியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பி.ஓ.எச். என்று பணிமனைக்குள் இழுத்துவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைப் பிரித்து, துருவைச் சுரண்டி, சோதித்துப் பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்த நாட்களில் பெட்டி சம்பாதிப்பதில்லை. யாரும் அதைப் பார்த்துப் 'பாவம், வீணாகிவிட்டது' என்று சொல்வதும் இல்லை. உள்ளே போகும் பெட்டிக்கெல்லாம் இரும்புக் கடைதான் முடிவு என்று நினைப்பவனைப் பணிமனையில் சிரிப்பார்கள்.

ஆனால் நம் வீடுகளில் அப்படித்தான் நினைக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் போய்விட்டால் உறவினர் தொலைபேசியை எடுக்கவே அஞ்சுகிறோம். ஊரிலிருந்து கேட்டால் 'ரிசல்ட் இன்னும் வரவில்லை' என்று பொய் சொல்கிறோம். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதல். "இவ்வளவு தூரம் வந்து கஷ்டப்பட்டது இதற்காகவா?" என்ற ஒரு வாக்கியத்தைப் பிள்ளையின் தலையில் போட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு எங்கே தவறியது என்று உட்கார்ந்து பேச ஆளில்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடக் காட்டாமல் மறைக்கும் நோய்போல அந்தத் தோல்வியை மறைக்கிறோம். ஒரு மதிப்பெண்ணுக்காக உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்தியை ஆண்டுதோறும் நாளிதழில் படிக்கிறோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தப் போர் விமானிகளின் வழக்கம், அதாவது கோபமில்லாமல் உட்கார்ந்து 'எங்கே தவறியது, இனி என்ன செய்யலாம்' என்று பேசுவது, நம் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

டிப்ளமோ படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் டிப்ளமோக்காரன், ரயில்வேயில் கீழ்ப்படியில் சேர்ந்து, இலாகா தேர்வுகள் எழுதி மேலே வந்தவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 'டிப்ளமோதானா?' என்று இழுப்பவர்களை இன்றும் கல்யாணப் பந்தல்களில் பார்க்கிறேன். டிப்ளமோ முடித்த பிள்ளை பொறியியல் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. படி இருக்கிறது. ஏறுவதற்குப் பிள்ளையும் தயாராக இருக்கிறது. வீட்டார்தான் அந்தப் படியைப் பார்க்க மறுக்கிறோம்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுவிழாவில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றிப் பரிசு தருகிறோம், தொடரட்டும். அதோடு இன்னும் இரண்டு பரிசுகளைச் சேர்க்க வேண்டும். ஒன்று, தவறிய பாடத்தை மறுபடி எழுதித் தேறிய பிள்ளைக்கு. மற்றொன்று, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோவிலிருந்து மேற்படிப்புக்கு ஏறிய பிள்ளைக்கு. 'தோற்றதை ஊரறியச் சொல்வதா?' என்று சிலர் தயங்கலாம். பிள்ளையின் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் கூச்சப்படுவதை நிறுத்தினால் பிள்ளைகளும் கூச்சப்படமாட்டார்கள். பரிசுப் பணம் பெரிதாக இருக்கவேண்டியதில்லை; முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினால் போதும். முதல் ஆண்டுக்கான செலவில் ஒரு பங்கை என் ஓய்வூதியத்திலிருந்து தரத் தயாராக இருக்கிறேன். மீதியை அன்பர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.