அணுமின் நிலையத்துக்குள் நாம் எந்த வாசல் வழியே போவது?

ராதாபுரம் வட்டத்தில் நம் மக்கள் வாழும் தெருக்களிலிருந்து தினமும் காலையில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. என்ன வேலைக்கு என்று கேட்டுப் பாருங்கள். புல் வெட்ட, சாரம் கட்ட, கூட்டிப் பெருக்க, சுமை தூக்க என்றே பலரும் சொல்வார்கள். ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலி. ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது. தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் அங்கே இயங்குகின்றன; மேலும் நான்கு உலைகளுக்கான கட்டுமானம் நடக்கிறது. நிரந்தர வேலைக்குரிய வாசல் வழியே நம் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போகப் போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

உலை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தை நாம் மறந்துவிடவில்லை. இடிந்தகரையில் 2011, 2012இல் நடந்த போராட்டத்தையும் மறக்கவில்லை. நம்மில் எதிர்த்தவர்களும் உண்டு, ஆதரித்தவர்களும் உண்டு. அந்தக் கேள்வி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால், அதற்குப் பதில் கிடைக்கும் வரை ஆபத்தில் மட்டும் நமக்குப் பங்கு, சம்பளத்தில் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இதுவரை இந்தப் பகுதியில் அதிகம் பேசப்பட்டது, நிலம் கொடுத்தவர் குடும்பத்துக்கு வேலை என்ற கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால் நம்மவர் கையில் பட்டா எங்கே இருந்தது? பிறர் வயலிலும் விளையிலும் கூலிக்கு உழைத்தவர்கள் நாம். நிலையத்துக்கு நிலம் எடுக்கப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். அது நிலத்தின் உரிமையாளரைத்தான் கணக்கில் எடுத்தது. அதே நிலத்தில் வேலையை இழந்த கூலிக்காரரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றுக்கொண்ட சட்டம் 2013இல்தான் வந்தது. நமக்கு அது காலம் கடந்து வந்த நீதி.

மிச்சம் இருப்பது தேர்வு எழுதி உள்ளே போகும் வாசல். மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்திய அணுமின் கழகம் பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை கொடுத்து ஆட்களை எடுக்கிறது. பத்தாம் வகுப்பில் அறிவியல், கணிதம் இரண்டிலும் 50 சதவீத மதிப்பெண்ணும் இரண்டாண்டு ஐடிஐ சான்றிதழும் இருந்தால் ஒரு பிரிவு. பிட்டர், எலக்ட்ரீசியன், மெஷினிஸ்ட், இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் போன்ற தொழில்கள் இதில் அடங்கும். பிளஸ் 2வில் அறிவியல் பிரிவு படித்தவர்களுக்கு ஆபரேட்டர் பயிற்சி. பாலிடெக்னிக் டிப்ளமோ, பி.எஸ்சி. படித்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு பிரிவு. பொறியாளர்களை கேட் மதிப்பெண் அடிப்படையில் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. வயது வரம்பில் ஐந்தாண்டு சலுகை உண்டு. அகில இந்தியப் போட்டித் தேர்வுகளில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு.

வாசல் இருந்தும் நம் பிள்ளைகள் அதன் அருகில் போகாததற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்கு வராது என்று நம் பிள்ளைகளைக் கைகழுவி விடுவது. அந்த 50 சதவீதம் பத்தாம் வகுப்பில் தவறினால், பிறகு எந்த ஐடிஐ சான்றிதழும் இந்த வாசலைத் திறக்காது. இரண்டாவது, மொழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் போகிறது. மத்தியக் காவல் படைகளுக்கான காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? மூன்றாவது, சாதிச் சான்றிதழ். மத்திய அரசு வேலைக்கு மத்திய அரசின் படிவத்தில் சான்றிதழ் கேட்கிறார்கள். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கடைசித் தேதி கடந்துவிடும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்களான தலித்துகள் ஏராளம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்களுக்கு இந்த 15 சதவீதத்தில் இடமில்லை. தெருவும் ஒன்று, இழிவும் ஒன்று, ஒதுக்கீடு மட்டும் வேறு. இந்த அநீதிக்கு எதிரான குரலை நாம் விடக் கூடாது.

ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்கும் உரிமைகள் உண்டு. கதிர்வீச்சுப் பகுதியில் வேலை செய்கிறவர், அவர் யாரிடம் கூலி வாங்கினாலும், கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பட்டை அணிந்திருக்க வேண்டும். ஒரு தொழிலாளியின் உடல் ஏற்கும் அளவு ஓராண்டில் 30 மில்லிசீவர்ட்டையும், ஐந்தாண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட்டையும் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. 'என் அளவு எவ்வளவு?' என்று கேளுங்கள். பட்டை தராமல் உள்ளே போகச் சொன்னால் போகாதீர்கள்.

உள்ளே போய்விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை கிடைத்ததோடு வளர்ச்சி நின்றுவிடக் கூடாது. அணுசக்தித் துறையில் அறிவியல், தொழில்நுட்பப் பணியாளர்களின் பதவி உயர்வு பெரும்பாலும் காலியிடத்தைப் பொறுத்ததல்ல; மேலதிகாரி எழுதும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையையும் நேர்காணலையும் பொறுத்தது. நம்மவர் பலர் சறுக்குவது இங்கேதான். மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு உத்தரவுப்படி, அந்த அறிக்கையை ஊழியரிடம் முழுமையாகக் காட்ட வேண்டும். அதில் தவறு இருந்தால் 15 நாட்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். பாரபட்சம் தெரிந்தால் நிறுவனத்தின் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான தொடர்பு அலுவலரிடம் போங்கள். அதற்கு மேல் தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் இருக்கிறது. மேலே ஏறியவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அரை நாள் பேசினால், அதுவே பெரிய உதவி.

காலம் குறைவு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் இந்தத் துறையைத் திறந்துவிட்டது. தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. நாளை வரும் உலைகள் தனியார் கைக்குப் போனால், 15 சதவீதம் என்ற பேச்சே அங்கே இருக்காது. அரசின் நிலமும் அரசின் அனுமதியும் பெற்று நடக்கும் தொழிலில் சமூக நீதி மட்டும் வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. உரிமம் கொடுக்கும்போதே இடஒதுக்கீட்டை நிபந்தனையாக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது மூன்றே. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணிதம், அறிவியல் மாலை வகுப்பு. பேட்டை முதல் எல்லா அரசு ஐடிஐகளிலும் தாட்கோ மூலம் இந்தத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி. அறிவிப்பு வரும் முன்பே மத்திய அரசுப் படிவச் சான்றிதழ் வழங்க ஊர் ஊராக முகாம்.

வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீட்டை அவர் 1943இல் பெற்றுத் தந்ததும் அந்த நாற்காலியில் இருந்துதான். மின்சாரத்தையும் நம் வேலை உரிமையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் அவர். அவர் படத்துக்கு மாலை போடும் நம் தெருக்களில், இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் கணக்கு நோட்டையும் ஒருமுறை வாங்கிப் பார்ப்போம்.