பதவிப் பேரத்துக்கு விதர்பா பணயமா?

மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் 2021 மார்ச் 1 அன்று அப்போதைய துணை முதல்வர் அஜித் பவார் பேசியது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. மேலவை நியமனத்துக்கு அமைச்சரவை அனுப்பிய 12 பெயர்களை ஆளுநர் என்றைக்கு அறிவிக்கிறாரோ, அன்றைக்கே விதர்பா, மராத்வாடா வளர்ச்சி வாரியங்களையும் அறிவிப்போம் என்றார். பன்னிரண்டு பேருக்குப் பதவி கிடைக்கும்வரை பின்தங்கிய இரண்டு வட்டாரங்களும் வாசலில் நிற்க வேண்டுமாம்!

இந்த வாரியங்கள் எந்தக் கட்சியும் போட்ட பிச்சை அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 371(2) பிரிவின்கீழ் 1994-ல் அமைந்தவை. பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2020 ஏப்ரல் 30-ல் காலாவதியாயின. அப்போது கொரோனா ஊரடங்கால் நாடே முடங்கிக் கிடந்தது, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து மாதம் கழித்தும் அதே நிலை என்றால், அது தாமதம் அல்ல, பேரம்.

பட்ஜெட்டில் பணம் ஒதுக்கினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. வட்டார ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த தாண்டேகர் குழு 1984-ல் கணக்கிட்டபோது பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி சுமார் 3,186 கோடி ரூபாய். 1994 நிலவரப்படி மறுபடி கணக்கெடுத்தபோது அது 14,000 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் பாசனத்தில் விழுந்த பள்ளம். ஒதுக்கிய பணம் ஊர் போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்து, ஆண்டுதோறும் சபையில் அறிக்கை வைக்கவே வாரியம். அதற்கு அதிகாரம் குறைவு என்பது உண்மைதான். அதனால் அதுவும் வேண்டாம் என்றாகிவிடுமா?

மக்களைப் பணயக் கைதிகளாக்குகிறீர்கள் என்று அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் பட்னவீஸ் சீறினார். நியாயமான சீற்றம். அதில் ஒரு பங்கு ராஜ்பவனுக்கும் போயிருக்க வேண்டும். 2020 நவம்பரில் வந்த பட்டியலை ஏற்காமலும் திருப்பாமலும் வைத்திருந்தார் அப்போதைய ஆளுநர் பகத்சிங் கோஷியாரி. வட்டாரங்களுக்கு நிதி நியாயமாகப் பங்கிடப்படுகிறதா என்று பார்க்கும் சிறப்புப் பொறுப்பை 371(2) பிரிவு ஒப்படைத்திருப்பது ஆளுநரிடம்தான். அந்தப் பதவியில் இருந்தவரே முட்டுக்கட்டைக்குக் காரணம் தருவதா?

அந்த ஆண்டு மார்ச் 8 அன்று பட்ஜெட். அதற்குள் அஜித் பவார் தம் பேச்சைச் சபையிலேயே திரும்பப் பெற்றிருக்க வேண்டும். வாரியங்களை மீண்டும் அமைக்கும் பரிந்துரையை அமைச்சரவை நிபந்தனையின்றி அனுப்பியிருக்க வேண்டும். குடியரசுத் தலைவரின் ஆணையை மத்திய அரசு விரைந்து பெற்றுத் தந்திருக்க வேண்டும். பன்னிரண்டு பெயர்கள் ஏற்பா, மறுப்பா என்பதை ஆளுநர் தனியே சொல்லியிருக்க வேண்டும்.