மேனாட்டாரின் ஜப்பான் மோகமும் நம் முத்துக்குளித்துறையும்

ஜப்பான் தேசத்தைக் குறித்து மேனாட்டார் கொண்ட வியப்பு நேற்று இன்று தோன்றியதன்று. அவ்வியப்பை எழுத்தில் வடித்து ஐரோப்பாவுக்கு எட்டச் செய்தோருள் முற்பட்ட ஒருவர், நமது கரையில் உழைத்த பின்னரே அங்குச் சென்றவர் என்பதை நம் மாணவருட் பலர் எண்ணிப் பார்த்திரார். 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிற் கால்நடையாய்த் திரிந்த பிரான்சிஸ் சவேரியாரே, 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானிலுள்ள ககோஷிமாத் துறையில் இறங்கினார். இறங்கி மூன்று திங்கள் நிறையுமுன் அவர் கோவாவுக்கு வரைந்த நீண்ட கடிதத்தில், கிறிஸ்தவரல்லாத மக்களுள் அதுகாறும் கண்டறியப்பட்டோர் யாவரினும் ஜப்பானியரே மேம்பட்டோர் எனப் புகழ்ந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியினின்று உரோமாபுரிக்கு எழுதிய கடிதத்திலோ, தாம் கண்ட இந்தியரைப் பற்றிக் கடுமொழிகளே புகன்றார்.

இதனை எடுத்துரைத்தல் அப்பெரியாரைக் குறைகூறுதற்கன்று. அவர்பால் இக்கரையார் இன்றும் கொண்டுள்ள பக்தியை யாம் நன்கறிவோம். மணப்பாட்டுக் குகைக்குச் செல்லும் கூட்டமே அதற்குச் சான்று. ஆயினும், சில திங்கள் கண்டோரை வானளாவப் புகழ்தலும், அவரினும் நெடிது கண்டோரை இகழ்தலும் ஒரே வேரினின்று முளைத்தல் கூடும் என்பது சிந்திக்கத் தக்கது. அவ்வேர் பாஷையறியாமை.

நம் கரையில் அவர் தமிழ் மந்திரங்களைப் பிறரைக் கொண்டு பெயர்ப்பித்து மனப்பாடஞ் செய்து ஓதினார். விசுவாசப் பிரமாணத்தில், 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 'நம்புகிறேன்' என்று சொல்லுவதாக எண்ணி, 'எனக்கு வேண்டும்' என்று மக்கள் ஓதிக்கொண்டிருந்தனர்! 1544ஆம் ஆண்டு தம் உடன் ஊழியருக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியாரே அதனைத் திருத்துமாறு பணித்தார். ஜப்பானில் நேர்ந்தது இதனினும் பெரிது. அஞ்சிரோ என்னும் ஜப்பானியரின் துணைகொண்டு, கடவுளுக்குத் 'தைநிச்சி' என்ற பெயரை வழங்கினார். அப்பெயரோ ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர். அப்பிரிவின் பிக்ஷுக்கள், 'இவர் நம் சமயத்தையன்றோ போதிக்கின்றார்' என்று மகிழ்ந்து வரவேற்றனர். உண்மை தெரிந்தபின் அப்பெயரை விலக்கி, இலத்தீன் சொல்லாகிய 'தேயுஸ்' என்பதையே கையாளலானார். இகழப்பட்ட கரையிலும் புகழப்பட்ட தீவிலும் இடர்ப்பட்டது ஒன்றே. புகழ்ச்சியினால் ஜப்பானியர் அவருக்குச் சற்றும் மிகுதியாக விளங்கிவிடவில்லை.

இனி, அவருக்குப் பின் இக்கரையில் நெடுங்காலம் தங்கிய அண்டிரிக்கு அடிகளாரைக் காண்போம். மொழிபெயர்ப்பாளர் வழியே பேசுதலில் மனநிறைவு கொள்ளாது, தமிழைத் தாமே கற்கத் துணிந்த ஐரோப்பியர் அவர். போர்த்துக்கேய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றது. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது; அதற்கு அடுத்த ஆண்டு 'கிறிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது; 1586இல் அடியார் வரலாறு கூறும் பெருநூல் ஒன்று வெளிவந்தது. அச்செலவுக்குப் பொருளுதவியவர் இக்கரைப் பரதவ மக்கள். மூழ்கியெடுத்த முத்தின் விலையிலே தமிழெழுத்து அச்சேறியது என்று சொல்லின் அது மிகையாகாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கரையில் வாழ்ந்து, 1600ஆம் ஆண்டு அவர் மறைந்தார். இம்மக்களிடத்து அவர் குறை காணாதவர் அல்லர். ஆயினும், அவர் தம் குறையையும் நிறையையும் அவர்களுடைய பாஷையிலேயே கேட்டறிந்தார்.

ஜப்பானிலும் இத்தகையோர் பின்னர்த் தோன்றினர் என்று சொல்லாதுவிடுதல் நீதியன்று. 1603ஆம் ஆண்டு நாகசாகியில் சேசு சபையார் வெளியிட்ட ஜப்பானிய–போர்த்துக்கேய அகராதி ஏறக்குறைய 32,000 சொற்களைக் கொண்டது. அக்காலத்து ஜப்பானியர் எவ்வாறு பேசினர் என்பதை அறிய அந்நாட்டுப் புலவரே இன்றும் அதனைத் தேடுகின்றனர்.

அதன்பின் ஜப்பான் தன் வாயில்களைச் சாத்திக்கொண்டு, அமெரிக்கக் கப்பற்றலைவர் பெரி என்பார் 1853இல் வந்த பின்னரே திறந்தது. திறந்தவுடன் ஐரோப்பாவில் எழுந்த மோகத்துக்கு அளவில்லை. 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானியப் பொருள்களைக் கண்டோர் மயங்கினர். இம்மோகத்துக்கென்றே 1872இல் பிலிப் பூர்த்தி என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 'ஜப்பானிஸ்மு' என்று ஒரு சொல்லைப் படைத்தார். மோனே என்னும் ஓவியர் 1876இல் தம் மனைவிக்கு ஜப்பானிய அங்கி அணிவித்து, சுவரெல்லாம் விசிறிகள் விளங்கத் தீட்டினார். வான் கோ 1887இல் ஹிரோஷிகேயின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்து வரைந்தார். அவற்றால் ஐரோப்பிய ஓவியம் செழித்தது மெய்யே. ஆனால், விசிறியை விரும்பியோர் அதனைச் செய்தவனிடம் யாதொன்றும் வினவினாரல்லர். நாகசாகியிற் சில வாரங்களே தங்கிய பியேர் லோட்டி என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, அங்கே தாம் பொருள் கொடுத்துக் கொண்ட தற்கால மனைவியைப் பற்றி 1887இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அந்தப் பெண் ஒரு பொம்மை; ஊரும் ஒரு பொம்மை. உலகம் அதனை ஆவலோடு படித்தது.

அவருக்கு மறுதலையாக லவ்காடியோ ஹெர்னைக் கூறலாம். 1890இல் ஜப்பானுக்குச் சென்று, ஆங்கில ஆசிரியராய் அமர்ந்து, சேட்சு என்னும் மாதை மணந்து, 1896இல் கொய்சுமி யாக்குமோ என்ற பெயரோடு அந்நாட்டுக் குடியானார். ஜப்பானிய நூல்களைத் தாமே படிக்கும் வன்மை அவருக்கு முற்றும் கைகூடவில்லை. மனைவியார் இரவில் விளக்கைத் தாழ்த்திக் கதை சொல்ல, அவர் கேட்டிருந்து எழுதினார். ஆகையால் இலக்கணப் பயிற்சி மட்டுமே இதற்கு அளவுகோல் என்று யான் கூறேன். தன்னைக் கற்பிப்போனாக அன்றிக் கற்போனாக வைத்துக்கொள்ள ஒருவன் இசைகின்றானா என்பதே வினா. கால்டுவெல் ஐயரின் நூல்களிலேயே இவ்வேற்றுமையைக் காணலாம். 1849இல் அவர் நாடார் மக்களைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல், அம்மக்களைப் பெரிதும் நோகச் செய்து கண்டனத்துக்கு இலக்காயிற்று. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணமோ இன்றும் நமக்குப் பெருமை. முன்னதில் மக்களை மேலிருந்து நோக்கினார். பின்னதில் மொழியின் முன் மாணாக்கராய் அமர்ந்தார்.

நம்மவர் மட்டும் இதற்கு விலக்கோ? சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டென்று 1980 முதலாக எழுதியபோது, நம் மேடைகள் அதனைக் கொண்டாடின. மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஒப்பவில்லை என்பது அம்மேடைகளில் அரிதாகவே ஒலித்தது. நொபொரு கராஷிமா என்னும் மற்றொரு ஜப்பானியரோ, 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டுத் தமிழ் பயின்று, சோழர் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது, வரி எவ்வாறு விதிக்கப்பட்டது என்பவற்றை நம் கற்களைக் கொண்டே நமக்கு விளக்கினார். 2015இல் அவர் மறையும்வரை அப்பணி நின்றிலது. நம்மைப் புகழ்ந்தவரை மேடையில் வைத்தோம். நம்மிடம் கற்றவரை நூலகத்தில் வைத்தோம்.

எட்டயபுரத்துப் பாரதியார் 1916இலேயே ஜப்பானியக் கவிதையைக் குறித்து 'சுதேசமித்திர'னில் எழுதினார். அவருக்குக் கிடைத்தது ஆங்கிலத்தின் வழியே வந்த செய்திதான். எனினும், சொற்சுருக்கத்தை அக்கவிதையினின்று தமிழர் கற்றுக்கொள்ளலாமென்று கருதினார். அந்த மனப்பான்மை இன்றைய நம் மாணவர்க்கும் வேண்டும். அவர்கள் ஜப்பானியச் சித்திரக் கதைகளிலும் அசையும் சித்திரப் படங்களிலும் ஈடுபட்டுள்ளனர் என்று ஆசிரியருட் சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தை யான் ஒப்பேன். ஈடுபாடு குற்றமன்று; அது படத்தளவில் நின்றுவிடுதலே குறை. வாரத்திற்கு இருமுறை மாலை வேளையில் ஜப்பானிய மொழி கற்பிக்க நம் கல்லூரி ஏற்பாடு செய்யுமாயின், ஐம்பதின்மர் சேர்ந்து ஐவரேனும் நிலைப்பர். அவ்வைவருக்காகவே அது தொடங்கத் தக்கது.

ஆனால், அதனோடு சேர்ந்து செய்யத் தக்க பணியொன்று நம் வாயிலிலேயே உளது. ஜப்பானியக் கடலில் மூழ்கும் 'ஆமா' மாதரின் புகைப்படங்களை நம் மாணவர் கண்டிருக்கின்றனர். நம் கரையில் மூழ்குவோர் கல்லைக் கட்டிய கயிற்றிற் கால் வைத்துப் பல பாகம் ஆழம் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்கி, மேலேயுள்ளவன் கயிற்றை இழுக்க மீண்டு வந்ததை எத்துணை மாணவர் கேட்டிருப்பர்? மூழ்குவோனின் உயிர் கயிறு பிடிப்போன் கையில் இருந்தமையால், உடன்பிறந்தாளின் தாலிக்கு அஞ்சுவானென்று மைத்துனனையே அப்பணிக்கு வைப்பர் என்று கரையில் ஒரு வழக்குண்டு. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரரைப் பற்றி மார்க்கோ போலோவே எழுதிவைத்தார். நம் சங்குக் குளிப்பைப் பற்றி முழுநூல் எழுதி 1914இல் வெளியிட்டவர், சென்னை அரசாங்க மீன்வளத் துறையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னல் என்னும் ஆங்கிலேயர். தூத்துக்குடிச் சங்கு வங்காளத்தில் வளையலாகும் வழியெல்லாம் அதில் உள்ளது. மிகிமோட்டோ ஜப்பானில் 1893இல் தொடங்கிய முத்து வளர்ப்பு வித்தையை, 1973இல் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நம் சிப்பியிற் செய்து காட்டினர். அவ்வித்தைக்கு ஏடு உண்டு. மூழ்குவோர் அறிந்தவற்றுக்கோ, அவர் நாவே ஏடு.

இக்கரையில் அரசாங்கத்தார் நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அன்று இருபது வயதினராய் மூழ்கியோர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். முத்துப் பார்களின் பெயர்கள், நீரின் நிறங்கொண்டு ஆழம் அறியும் முறை, கச்சானும் கொண்டலும் மாறும்போது நீரோட்டம் திரும்பும் குறிகள், தோணியின் ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கிய சொற்கள் ஆகிய யாவும் அவர்களோடு செல்லும். சங்கு குளிப்போர் இன்றும் உளராதலின், சில சொற்கள் அவர் வாயிலும் எஞ்சியிருக்கலாம்.

ஆகவே, வரும் விடுமுறையில் தமிழ்த்துறை மாணவர் இருவர் இருவராகத் திரேஸ்புரத்துக்கும் புன்னைக்காயலுக்கும் மணப்பாட்டுக்கும் செல்லுமாறு வேண்டுகின்றேன். அக்கரையூர்களிற் பிறந்த மாணவர் நம்மிடையே சிலர் உளர். அவர்களை முன்னிட்டுச் செல்லுதல் முறை. காற்று மிகுந்து தோணி இறங்காத நாள்களில் சங்கு குளிப்போரும் கரையிலிருப்பர். புகைப்படக் கருவி பின்னர் வரட்டும். முதல் நாள் குறிப்பேடு போதும். சேர்த்த சொற்களை அடுத்த ஆண்டு இம்மலரின் தமிழ்ப் பகுதியில் வெளியிட நான்கு பக்கங்கள் ஒதுக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லித் தந்தவர் இசைவாராயின், அவருடைய பெயரும் ஊரும் அந்தந்தச் சொல்லின் அருகே அச்சிடப்படல் வேண்டும். எழுதிக்கொண்ட மாணவரின் பெயர் அடியில், சிறிய எழுத்தில் வரலாம்.