புளிப்பை அறியும் பூசணம்

விருத்தாசலம் என்றவுடன் பீங்கான் பொம்மைகளும் அகல் விளக்குகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்வட்டாரத்தில் பலருக்குச் சோறிடுவது சூளையன்று, நிலக்கடலையும் முந்திரியுமே. வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் ஆலயத்திற்குச் செல்லும் அன்பர்கள் இக்கொல்லைகளைக் கண்டிருப்பர். விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை இரகங்கள் ‘வி.ஆர்.ஐ.’ என்று ஊர்ப்பெயரையே தாங்கி வழங்குகின்றன.

நன்கு தழைத்து நின்ற கடலைச் செடி திடீரென வாடுகிறது. பிடுங்கினால், மண்ணைத் தொட்ட இடத்தில் தண்டு இற்றுப்போகிறது. அங்கே பஞ்சிழை போன்ற வெண்படலம். அதன்மேல் கடுகு சிதறினாற்போலச் சிறு உருண்டைகள். இது தண்டழுகல் நோய். ஸ்கிளீரோஷியம் ரால்ஃப்சி என்னும் பூசணத்தின் வேலை. கடன் வாங்கி விதைத்தவர் மண்ணையும் விதியையும் நொந்துகொள்கிறார். மண்ணின்மேல் பழி போடுமுன் இப்பூசணத்தின் தந்திரத்தை நாம் அறிவது நலம்.

செடியின் உயிரணுச் சுவர்களைப் பிணைத்து நிறுத்துவது பெக்டின் என்னும் பசை. அதற்கு உறுதி தருவது சுண்ணாம்புச் சத்து. பூசணம் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து அச்சத்தைப் பறித்துக்கொள்கிறது; சுற்றுப்புறத்தையும் புளிப்பாக்குகிறது. பசையைக் கரைக்கும் அதன் நொதியோ புளிப்பில்தான் முழுத்திறத்துடன் இயங்கும்! அமிலமும் நொதியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று துணை நிற்பதை பேட்மன், பீர் என்னும் அறிஞர்கள் 1965இல் எடுத்துக்காட்டினர். மாம்பழத்தில் கரும்புள்ளி வீழ்த்தும் பூசணத்தின் வழி இதற்கு நேர்மாறானது. அது அம்மோனியாவைச் சுரந்து, புளிப்பைத் தணித்துவிட்டு உள்ளே நுழைகிறது.

நாவில்லாத உயிர் புளிப்பை எவ்வாறு அறிகிறது? ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பூசணத்தில் இது தெளிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் உயிரணுவின் மேலுறையில் பால்-எச் என்ற புரதம் காவல் நிற்கிறது. சூழல் காரமானால் அது உள்ளே செய்தி அனுப்புகிறது. உடனே பேக்-சி என்ற மற்றொரு புரதம் வால் வெட்டுண்டு உட்கருவுக்குள் புகுந்து, காரத்தில் பயன்படும் மரபணுக்களைத் தூண்டுகிறது, புளிப்புக்குரியவற்றை அடக்குகிறது. சூழல் புளிப்பாக இருக்கும்வரை அந்த வால் வெட்டப்படுவதில்லை.

இதன் உறவான கறுப்புப் பூசணம், ஆஸ்பர்ஜில்லஸ் நைகர், கடலை நாற்றின் கழுத்தழுகலுக்குக் காரணம். அதையே சர்க்கரைக் கரைசலில் கடும் புளிப்பில் வளர்த்தால் சிட்ரிக் அமிலத்தை மிகுதியாகத் தருகிறது. ஜேம்ஸ் கரி 1917இல் இதனை வெளியிட்டார். நம் பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும் கலரின் புளிப்பு எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து வருவதன்று என்பதை அறிந்தால் தாய்மார்கள் வியப்பர்!

பூசணத்தைப் பூசணத்தாலேயே அடக்கலாம். விதைக் கடலை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்குமாறு வேளாண் துறையினர் கூறுகின்றனர். அது பகைப் பூசணத்தின் இழைகளைச் சுற்றி வளைத்து அழிக்கிறது. ஆயினும் அக்கடுகு உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே வாடிய செடியைப் பிடுங்கியவர் அதனை வரப்பிலோ எருக்குழியிலோ வீசாமல் எரித்துவிட வேண்டும்.