பட்டாளத்துக் குடித்தனம்

அமெரிக்காவில் ஸான் டியாகோவிலோ நார்ஃபோக்கிலோ உங்கள் பிள்ளை ஒரு வீடு வாங்கியிருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் கடற்படைப் பட்டணங்கள். வீடு வாடகைக்கு என்றதும் முதலில் வந்து கதவைத் தட்டுகிறவர் கடற்படைக்காரராகவே இருக்கலாம்.

விடலாமா? தாராளமாக விடலாம். முகாமுக்கு வெளியே குடியிருக்கும் குடும்பஸ்தருக்குச் சர்க்காரே சம்பளத்தோடு வீட்டு வாடகைப் படியும் தருகிறது. பதவியையும் ஊரையும் பார்த்துத் தொகை கூடும், குறையும். (அந்தப் படி எவ்வளவென்று விசாரித்து, அதையே காலணா குறையாமல் வாடகையாகச் சொல்லும் புண்ணியவான்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை.)

ஆனால் ஒன்று. வருஷ ஒப்பந்தம் எழுதிய நாலாம் மாசமே அவர் மாற்றல் உத்தரவோடு வந்து நிற்கலாம். "கையெழுத்துப் போட்டீரே!" என்று சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை. படைவீரர்களுக்கென்று 1940-ல் ஒரு சட்டம் செய்து, 2003-ல் அதைப் புதுப்பித்து எழுதியிருக்கிறார்கள். நிரந்தர மாற்றலோ, 90 நாளுக்குக் குறையாத வெளிப் பணியோ வந்தால், எழுத்து மூலம் நோட்டீஸும் உத்தரவின் நகலும் கொடுத்து அவர் விலகிக் கொள்ளலாம். வாடகை நாள் ஒன்றாந் தேதி. ஜூன் 18-ல் நோட்டீஸ் கொடுக்கிறார் என்றால், ஜூலை 1-லிருந்து 30 நாள் கணக்கு. ஜூலை வாடகை உண்டு, அபராதம் கிடையாது. அதற்கு மேல் முன்கூட்டி வாங்கிய வாடகையைத் திருப்பிவிட வேண்டும். சுவரைப் பெயர்த்திருந்தால் அது வேறு கணக்கு.

வீட்டுக்காரருக்கு நஷ்டம்தானே என்பீர்கள். நஷ்டம்தான். ஆனால் கப்பலேறிப் போகிறவர் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார். கைக்குழந்தையோடு மனைவி அந்த வீட்டில் தனியே இருப்பாள். (மனைவி கப்பலில், கணவன் வீட்டில் என்பதும் இப்போது சகஜம்.) வாடகை பாக்கி விழுந்தாலும், சட்டம் சொல்லும் வாடகை வரம்புக்கு உட்பட்ட வீடாயின், கோர்ட்டு உத்தரவில்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. 2018-ல் இன்னொன்றும் சேர்த்தார்கள். பணியில் இருக்கையில் அவர் இறந்துவிட்டால், ஓராண்டுக்குள் அவள் ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு தரம் போய் வந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். கணவர் சார்பில் கையெழுத்திட மனைவியிடம் அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று சாவியைக் கொடுக்கும் முன்பே கேட்டுக் கொள்ளட்டும். குழாய் வெடிக்கிற அன்று அவர் நடுக்கடலில் இருப்பார்.